அவர் டியூட்டிக்குப் போயிருக்கார்

மத்தியானம் சமையல் முடிந்து வேலைக்காரி கௌரம்மா ரசப் பாத்திரத்தை மேஜைமேல் கொண்டுவந்து வைத்ததும், ஜகதீசன் தன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போவார். வெயில், மழை எதையும் பார்க்கமாட்டார். பழைய ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனை மாதிரி வாசலுக்கு வந்து அங்கே உட்கார்ந்து மாட்டிக்கொள்வார். பையில் ஒரு காலி டிபன் பாக்ஸைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதுவும் கலகலவென்று சத்தம் வருவதற்காகத்தான். ரயில்வேயிலிருந்து ரிட்டயராகி ஒரு தலைமுறை ஆகிவிட்ட மனுஷர் இந்த வயதில் எந்த டியூட்டிக்குப் போகிறார் என்று மைசூர் குவெம்புநகரில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். அவர் போவதே திரும்பி வருவதற்காகத்தான் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தால்தான் அவர் மனைவி லலிதாம்பாள் சாப்பிடுவாள்.

தெருமுனையில் பால் பூத் வைத்திருக்கும் முனிராஜ், அந்த நேரத்துக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைப்பான். அதில் உட்கார்ந்து ஒரு மோர் பாக்கெட்டைக் குடித்துவிட்டு, கன்னடப் பேப்பரில் தலைப்புச் செய்திகளைப் படித்து, அரசாங்கத்தை நாலு திட்டுத் திட்டிவிட்டு எழுந்திருப்பார். "ட்யூட்டி முகீத்தா ஸார்?" என்று, டியூட்டி முடிந்ததா எனக் கேட்டு முனிராஜ் சிரிப்பான். "முகீத்தப்பா, முகீத்து" என்று இவரும் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவார்.

போகும்போது பூனை என்றால் வரும்போது யானை. இரும்பு கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு தடவை ஆட்டுவார். ஷூவைத் தடாலென்று கழற்றிப் போடுவார். தொண்டையைக் கனைப்பார். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் லலிதாம்பாள் சட்டென்று நிமிர்வாள். "ஏன்னா, வந்தாச்சா? கை கால் அலம்பிண்டு வாங்கோ, தட்டு போடறேன்" என்பாள். தட்டைக் கௌரம்மாதான் போடவேண்டும். அதனால் என்ன? கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முதல் கவளம் எடுத்தாரா என்று பார்த்துவிட்டு, அவளும் சாப்பிடத் தொடங்குவாள்.

ஜகதீசன் மைசூர் ரயில்வே கோட்டத்தில் கண்ட்ரோலராக இருந்தவர். காதில் போனை மாட்டிக்கொண்டு, எதிரே விரித்த தாளில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எதை முதலில் விடுவது என்று தீர்மானிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்தாலும் வண்டி எங்காவது சிக்கிக்கொண்டால் எழுந்து வர முடியாது. காலை ஷிப்டுக்குப் போனவர் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்த நாள்கள் உண்டு. எத்தனை நேரமானாலும் லலிதாம்பாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். "எனக்காகக் காத்துண்டிருக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? பசிக்கலையா உனக்கு?" என்று கத்துவார். "எனக்கென்ன பசி? நீங்க வாங்கோ" என்று இலையைப் போடுவாள். அவளுக்கு உண்மையிலேயே பசிக்காது போலிருக்கிறது என்று அவரும் நம்பிவிட்டார். இத்தனை வண்டிகளை வழிநடத்திய மூளைக்கு, வீட்டில் ஒரு பெண்ணுக்கு மத்தியானம் பசிக்கும் என்பது மட்டும் கடைசிவரை உறைக்கவில்லை.

மறதி வியாதி அவளுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அது ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் கிழமை போயிற்று. அப்புறம் அடுப்பு போயிற்று. காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் வந்துவிட்ட அன்றோடு சமையலறைக்குப் பூட்டுப் போடவேண்டி வந்தது. காய்கறிக்காரனிடம் கணீரென்று பேரம் பேசிய கன்னடம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கணவனுக்காகக் காத்திருப்பது மட்டும் போகவில்லை. கணவன் எதிரிலேயே உட்கார்ந்து "சாப்பிடு லலிதா" என்று கெஞ்சினாலும், "அவர் வந்துடட்டும்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு நாள் மருந்து வாங்கப் போனவர், கையில் அகப்பட்ட பழைய டியூட்டிப் பையை மாட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். "ஏன்னா, வந்தாச்சா?" என்று எழுந்து வந்தாள். அன்றைக்கு இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டாள். ஜகதீசனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் டியூட்டிதான்.

ஒரே பெண் மேதா பெங்களூரில் பாங்கில் வேலை பார்க்கிறாள். அம்மாவைத் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தாள். லலிதாம்பாள் லிப்டில் ஏறி, எந்த மாடியில் இறங்கினாளோ, வாட்ச்மேன் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டான். மைசூரிலேயே ராத்திரி தங்குவதற்கு ஆள் வைத்தார்கள். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் மேதா, ஊர்க்கோடியில் போகாதி தாண்டி ரிங் ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மறதி வந்த பெண்களுக்கென்றே தனிப் பகுதி, ராத்திரி பகல் நர்ஸுகள், தோட்டம், எல்லாம் உண்டு. ஆண்கள் அங்கே தங்க முடியாது. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

"அப்பா, நீயும் மனுஷன்தானே? அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கறப்போ உன் முதுகு படற பாடு எனக்குத் தெரியாதா? ஒரு தடவை வந்து பாரேன். பார்த்தா தப்பில்லையே" என்றாள்.

ஜகதீசன் பிடிவாதத்துக்குப் பேர் போனவர். "முதல்ல டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் உன் இல்லத்தைப் பத்திப் பேசலாம்" என்றார்.

டாக்டர் சைத்ரா சின்னப் பெண். மேதாவைவிடச் சின்னவள். லலிதாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன மாசம், இது என்ன ஊர் என்று கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க, மேதா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். எதற்கும் பதில் இல்லை. லலிதாம்பாள் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜகதீசனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, அப்பா பேர் என்னன்னு கேக்கறா" என்றாள் மேதா.

லலிதாம்பாள் திரும்பினாள். முகம் குப்பென்று சிவந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முழங்கையால் கணவனை இடித்து, "நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லப்படாது" என்றாள்.

டாக்டரின் பேனா இதற்கும் ஒரு முட்டையைப் போடப் போயிற்று. ஜகதீசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "போடாதேம்மா! அவளுக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில ஒரு தடவை என் பேரை அவ வாயால சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லப்படாதுன்னு ஒரு வைராக்கியம். சொல்லலைன்னா தெரியும்னு அர்த்தம்!" தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் பாய்ந்து இங்கிலீஷில் போய் முடித்தார். டாக்டர் சைத்ரா சிரித்துவிட்டாள். தன் பாட்டியும் அப்படித்தான் என்று சொல்லி, அந்த ஒரு மார்க்கைப் போட்டாள். ரயில்வேயில் வாங்கிய மெடல்கூட ஜகதீசனுக்கு அப்படி இனித்ததில்லை.

திரும்பி வரும்போது காரில் மேதாவிடம் கறாராகச் சொன்னார். "கேட்டுக்கோ. நான் யாருன்னு அவளுக்குத் தெரியற வரைக்கும் அவ என்னோடதான் இருப்பா. தெரியாம போற அன்னிக்கு நானே உனக்குப் போன் பண்றேன். அதுக்கப்புறம் நீ எங்கே சொல்றயோ அங்கே கொண்டுபோய் விடறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு பேடா, வேண்டாம்."

மேதாவுக்கு அப்பாவைத் தெரியும். "ஹௌதுப்பா, சரி" என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஜகதீசனுக்குத் தினமும் காலையில் ஒரு பரீட்சை நடத்துகிற வழக்கம் வந்தது. காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "என் பேர் என்ன, சொல்லு பாப்போம்" என்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "போங்கோ, அதெல்லாம் சொல்லப்படாது." அவ்வளவுதான், அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாக விடிந்துவிட்டது. அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, துணி மாற்றி, எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் செய்வார். கட்டின நாளிலிருந்து தன் வேட்டியைக்கூடத் தானே எடுத்து வைத்துக்கொள்ளாதவர், இப்போது புடவைக்குக் கொசுவம் வைப்பதில் கௌரம்மாவுக்கே பாடம் எடுப்பார்.

தசரா முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை நாளில்தான் அது நடந்தது. முனிராஜிடம் மோர் குடித்துவிட்டு வந்து, தாழ்ப்பாளை ஆட்டி, ஷூவைத் தடாலென்று போட்டார். "ஏன்னா, வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து குரலும் வந்தது. ஜகதீசன் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

லலிதாம்பாள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்துபோயிற்று. எழுந்து, தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"வாங்கோ மாமா. அவரைப் பாக்கணுமா? அவர் டியூட்டிக்குப் போயிருக்கார். வர நேரமாகும்."

முன்பின் தெரியாத பெரியவர்களைத்தான் அவள் மாமா என்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார் ஜகதீசன். அவள் அப்படி விளையாடுகிறவள் இல்லை என்பது அடுத்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. "லலிதா, நான்தான்" என்று ஓரடி முன்னால் வைத்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கௌரம்மா, இந்த மாமாவுக்குத் தீர்த்தம் கொண்டுவா" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். தன் வீட்டு டம்ளரில் விருந்தாளி மாதிரி தண்ணீர் வாங்கிக் குடித்தார் அவர்.

மறுபடி பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுபடி வந்தார். இன்னொரு தடவையும் போய் வந்து பார்த்தார். "ஏனு ஸார், இவத்து டபுள் ட்யூட்டியா?" என்று முனிராஜ் தமாஷாகக் கேட்டவன், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு லலிதாம்பாள் சாப்பிடவில்லை. "அம்மாவ்ரு ஊட்டா மாட்லில்லா ஸார்" என்று கௌரம்மா தட்டை மூடி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். மேதா போன் செய்தால் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று அவளிடம் கண்டித்துச் சொன்னார்.

மறுநாள் "ஏன்னா" திரும்பி வந்துவிட்டது. ஜகதீசன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஏதோ தூக்கக் கலக்கம், மழை இருட்டு, கண்ணில் புரை என்று தனக்குத் தானே காரணம் கற்பித்துக்கொண்டார். ஆனால் அந்த மாமா போய்விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் வந்தவர், ஒன்றுவிட்டு ஒரு நாள் வர ஆரம்பித்தார். கேட்டுக்குள் நுழையும்போது தான் யாராக நுழைகிறோம் என்று ஜகதீசனுக்கே தெரியாமல் போயிற்று. ஒரே தைரியம் அந்தக் காலைப் பரீட்சைதான். பேரைக் கேட்டால் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளே! சிரிக்கிறவரை தெரியும் என்றுதானே அர்த்தம்?

அந்தத் தைரியத்திலும் ஒரு நாள் மண் விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் மாமாவாக உட்கார்ந்திருந்தார். லலிதாம்பாள் எதிர் நாற்காலியில் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள். பொறுக்கமாட்டாமல், "உங்க ஆத்துக்காரர் பேர் என்ன?" என்று கேட்டுவிட்டார்.

முகம் குப்பென்று சிவந்தது. முந்தானை வாய்க்குப் போயிற்று. "போங்கோ மாமா. அதெல்லாம் சொல்லப்படாது" என்று சிரித்தாள்.

அதே சிரிப்பு. காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கிய மார்க்கு, தினமும் காலையில் வாங்கிய சந்தோஷம், எல்லாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவை? அவள் கணவனைக் காப்பாற்றி வைத்திருந்தாள், சந்தேகமில்லை. அவன் பேரைக்கூட ஒரு பழுதுமில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருக்கிற கிழவனைத்தான் யாரென்று தெரியவில்லை. எத்தனை காலைகளாக இந்தக் கிழவனைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தாளோ, அது பகவானுக்குத்தான் வெளிச்சம்.

அப்போதும் அவர் போன் செய்யவில்லை. சொன்ன சொல் தவறாதவர் என்று ஆபீசில் பெயர் வாங்கியவர்தான். ஆனால் போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இரண்டு நாளைத் தள்ளிவிட்டார். ரசத்துக்கும் சாதத்துக்கும் நடுவே ஒரு தடவையாவது "ஏன்னா" என்று கூப்பிடமாட்டாளா என்ற நப்பாசை விடவில்லை.

மூன்றாம் நாள் விளக்கு வைத்த நேரம். கௌரம்மா வேலையை முடித்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே மழை. லலிதாம்பாள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே புடவையை நனைத்துக்கொண்டுவிட்டாள். ஜகதீசன் வழக்கம்போல் மாற்றுத் துணியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, "எழுந்திரும்மா" என்று அவள் இடுப்பில் கை வைத்தார்.

அவள் போட்ட அலறலில் அவர் சட்டென்று கையை எடுத்தார். இரண்டு கையாலும் அவர் முகத்தில் அடித்தாள். அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, திமிறிக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடி, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"தொடாதேங்கோ! வெளியே போங்கோ! அவர் வந்தா உங்களைச் சும்மா விடமாட்டார்!"

கதவுக்கு இந்தப்பக்கம், கையில் உலர்ந்த புடவையோடு நின்றார் ஜகதீசன். எத்தனை மாசமாகத் தொட்டுச் செய்த உடம்பு! இன்றைக்கு அந்த உடம்பு கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. பல் தந்தியடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. தன் பெண்டாட்டியைத் தான் பயமுறுத்திவிட்டோம் என்ற நினைப்பில் கூனிக் குறுகிப்போனார். கௌரம்மாவுக்குப் போன் செய்து ஓடிவரச் சொன்னார். வீட்டுக்குள் ஆம்பிளை இருக்கிறவரை லலிதாம்பாள் தாழ்ப்பாளைத் திறக்கமாட்டாள் என்று புரிந்தது. "நான் போயிட்டேம்மா, பயப்படாதே" என்று கதவிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் மழையில் நின்றார்.

கௌரம்மா வந்தாள். உள்ளே போய், அம்மாவ்ரே அம்மாவ்ரே என்று கொஞ்சிக் கொஞ்சித் திறக்கவைத்து, துணி மாற்றினாள். ஜன்னல் வழியாக லலிதாம்பாளின் குரல் கேட்டது. அழுகை அடங்கி, மூச்சு சமனப்பட்டு, பேச்சாக மாறியது. ஜகதீசன் நனைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. லலிதாம்பாள் கௌரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் அவருடைய பழைய கறுப்புக் குடை.

"ஐயோ பாவம், யாரு மாமா நீங்க? இப்படி மழையில நனையறேளே, ஜுரம் வந்துடாதோ?" சற்று முன் அலறியது அவளுக்கு நினைவே இல்லை. "இதைப் பிடிங்கோ. அவரோட குடை. நாளைக்கே கொண்டுவந்து குடுத்துடுங்கோ. தன் சாமானை வெச்ச இடத்தில காணலைன்னா அவருக்குக் கோபம் வரும்."

ஜகதீசன் குடையை வாங்கிக்கொண்டார். "ரொம்பக் கோபக்காரரோ?" என்றார். ஏன் கேட்டாரோ தெரியாது.

"கோபக்காரர்தான்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தங்கமான மனுஷர்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லும்படி அவரும் நடந்துகொண்டதில்லை. அவள் உள்ளே போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சொந்தக் குடையை இரவல் வாங்கிப் பிடித்துக்கொண்டு ஜகதீசன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்தக் குடைக்குக் கீழே நின்றபடியே மேதாவுக்குப் போன் செய்தார். "நான் யாருன்னு அவளுக்குத் தெரியலைம்மா" என்றார்.

"தெரியலைன்னா பரவாயில்லை, நான் மாமாவாவே இருந்துட்டுப் போறேன். ஆனா ஒரு அந்நிய ஆம்பிளை கையில அகப்பட்டுண்டோமேன்னு அவ நடுங்கறா மேதா. உங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதா? அவளுக்கு அந்த பயம் வேண்டாம். பொம்மனாட்டிகள் பாத்துக்கட்டும். காலைல வா."

"வரேம்ப்பா" என்றாள் மேதா. அப்புறம், "நீ முதல்ல ஆத்துக்குள்ள போ" என்றாள். குடைமேல் மழை விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மழை விட்டிருந்தது. லலிதாம்பாள் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற உற்சாகத்தோடு காரில் ஏறினாள். மேதாவை யாரோ தெரிந்த வீட்டுப் பெண் என்று நினைத்தாளோ என்னவோ, வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜகதீசன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் டியூட்டிப் பை. எதற்கு எடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கை தானாக மாட்டிக்கொண்டுவிட்டது.

இல்லம் சுத்தமாக இருந்தது. குறை சொல்லலாம் என்று கண்ணை ஓட்டிய ஜகதீசனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நிம்மி சிஸ்டர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, வாய் நிறையச் சிரிப்பு. லலிதாம்பாளை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, பூவெல்லாம் வெச்சுக்கிட்டு ஜோரா வந்திருக்கீங்க! உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்கம்மா?"

முந்தானை வாய்க்குப் போயிற்று. லலிதாம்பாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜகதீசனை முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"மாமா, நீங்க சொல்லுங்கோ. நான் சொல்லப்படாது. உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே."

மேதா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ தடவை, போனில், கையெழுத்தில், அதிகாரத்தோடு சொன்ன பேர். இன்றைக்கு இன்னொருத்தருடையதைச் சொல்வதுபோல் நாக்கு தயங்கிற்று.

"ஜகதீசன்" என்றார்.

"ஆமாம், அவர்தான்" என்றாள் லலிதாம்பாள். பேரைக் காதால் கேட்டதற்கே அவள் முகம் அப்படி மலர்ந்தது. நிம்மி சிஸ்டர் தலை நிமிர்ந்து ஜகதீசனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. கண் கலங்கியதை மறைக்க, "சாப்பாட்டு நேரமாச்சே, இதோ கொண்டுவர்றேன்" என்று எழுந்தாள்.

தட்டு வந்தது. சூடான சாதம், பருப்பு, நெய். லலிதாம்பாள் அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"அவர் வந்துடட்டும். டியூட்டிக்குப் போயிருக்கார்."

"ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்று நிம்மி சிஸ்டர் கெஞ்சினாள். மேதாவும் வந்து கெஞ்சினாள். லலிதாம்பாள் அசையவில்லை. ஜகதீசன் கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். டிபன் பாக்ஸ் கலகலவென்றது. தோட்டத்தைத் தாண்டி, தூரத்தில் இரும்பு கேட் தெரிந்தது. தாழ்ப்பாள் பெரிதாகத்தான் இருந்தது.

"சிஸ்டர், கேட்டுக்குப் போயிட்டு வரேன். சொல்ப நேரம் தட்டை எடுத்துடாதேம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"மாமா" என்று பின்னாலிருந்து லலிதாம்பாள் கூப்பிட்டாள். ஜகதீசன் திரும்பினார்.

அவள் மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வழியில அவரைப் பாத்தேள்னா, சீக்கிரம் வரச் சொல்லுங்கோ. எனக்கு ரொம்பப் பசிக்கறதுன்னு சொல்லுங்கோ. நான் சொன்னேன்னு சொல்லாதேங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, பசிக்கிறது என்று அவள் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"சொல்றேம்மா" என்றார் ஜகதீசன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கி, கேட்டை நோக்கி வேகமாக நடந்தார்.